கம்பவுண்டர் கத்தி

இரண்டாவது லென்ஸும் கெட்டுப்போனது. இடது கண்ணுக்கு உரியதை வலது கண்ணின் அளவுக்கு அராவிவிட்டு, சட்டத்தில் வைத்து அழுத்திப் பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. கண்ணாடிக் கடையின் பின்அறையில் அரவை இயந்திரம் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு சும்மா சுற்றியது. அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியைத் தப்பாக வெட்டினால் ஒட்டுப் போடலாம். சுவரில் தப்பான இடத்தில் ஆணி அடித்தால் அடைத்துவிடலாம். லென்ஸில் மட்டும் தேய்த்து எடுத்ததைத் திருப்பி வைக்க வழியில்லை. முன்பக்கத்தில் முதலாளி யாரிடமோ, "இதோ ஆயிடும், இதோ ஆயிடும்" என்று சமாளித்துக்கொண்டிருந்தார். அந்த 'இதோ' தன்னுடைய கையில் இருக்கிறது என்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மேசையின் இழுப்பறையை மறுபடி திறந்தாள். லென்ஸ் துடைக்கும் துணியில் சுற்றி அப்பாவின் மடக்குக்கத்தி இருந்தது. நாளைக்குச் சங்கத்தின் கத்திக் கண்காட்சி. அதற்காகத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கலாம் என்று காலையில் கொண்டுவந்தாள். கொண்டுவராமலே இருந்திருக்கலாம். பூதக்கண்ணாடியின் கீழே அதைத் திறந்து பார்த்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கத்தி சேர்க்கிறோம் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் ஒரு அடி பின்வாங்குவார்கள். பிறகு, 'பாவம், பழம் நறுக்கக்கூடப் பயப்படுகிற ஆட்கள்' என்று தெரிந்துகொண்டு சிரிப்பார்கள். சட்டைப் பையில் அடங்குகிற பழங்காலத்து மடக்குக்கத்திகள்தான் அவர்களுடைய உலகம். அந்த உலகத்தில் விலையைப் பற்றிச் சண்டை வராது. பெயரைப் பற்றித்தான் வரும். ஒரே கத்தியை ஒருவர் செருப்புத் தைப்பவருடையது என்பார், இன்னொருவர் வலை பின்னுகிறவருடையது என்பார். இந்த ஒரு விஷயத்துக்காகவே பேச்சை நிறுத்திக்கொண்டு, ஒரே பெஞ்சின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிற நண்பர்கள் அந்தச் சங்கத்தில் உண்டு. இதற்கெல்லாம் முடிவு கட்டத்தான் அப்பா ஒரு விதியைக் கொண்டுவந்தார். செய்தவர் யார், ஊர் எது என்பதெல்லாம் இரண்டாவது. எந்த வேலைக்காகச் செய்தார்களோ அதுதான் அந்தக் கத்தியின் பெயர்.

அப்பா மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தவர். அவர் வீட்டிலிருந்து எடுத்துவந்து சங்கத்தில் வைத்த கத்திக்கு ஒரு பக்கம் ஒல்லியான சின்ன அலகு, மறுபக்கம் எலும்பில் செய்த தட்டையான நாக்கு. களிம்பு வழிக்க அந்த நாக்கு, மாத்திரையைப் பாதியாக்க அந்த அலகு என்றார் அவர். யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. 'கம்பவுண்டர் கத்தி' என்று பெயர் நின்றது. அவர் போன பிறகும் ஒவ்வொரு கண்காட்சியிலும் நடு மேசையில் அதற்குத்தான் இடம்.

போன மாதம், சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் மாட்டு டாக்டர் அதே போன்ற இன்னொன்றைக் கொண்டுவந்தார். அதே பிடி, அதே எலும்பு நாக்கு. அலகு மட்டும் அகலம். இது மரத்துக்கு ஒட்டுக் கட்டுகிற தோட்டக்காரர் கத்தி, பட்டையை நெம்பத்தான் இந்த நாக்கு, கம்பவுண்டர் கத்தியும் இதுவேதான் என்று அவர் சொன்னார். அலகு வேறு, ஆகவே கத்தியும் வேறு என்று மற்றவர்கள் பாய்ந்தார்கள். இன்று பிற்பகல் கூட்டத்தில் முடிவு.

அவள் காலையில் பார்த்தது அப்பாவின் கத்தியில் அலகின் அடியைத்தான். பிடியை ஒட்டிய இடத்தில், சாணைக்கல் எட்டாத மூலையில், ஒரு சின்னப் படி இருந்தது. படிக்கு அந்தப் பக்கம் அலகு அகலமாக இருந்தது. இந்தப் பக்கம் ஒல்லியாகிவிட்டது. திறப்பதற்காக நகம் வைக்கிற குழி, முதுகை ஒட்டி இருக்க வேண்டியது, வெட்டுமுனைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. நாள் முழுக்கத் தேய்ப்பதே தொழிலாக இருக்கிறவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அது ஒல்லியாகச் செய்யப்பட்ட கத்தி இல்லை. தேய்ந்து தேய்ந்து ஒல்லியான கத்தி. அப்பா ஒரு தேய்மானத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்.

கைபேசி அதிர்ந்தது. மாட்டு டாக்டர்தான்.

"சாப்டாச்சா?" என்றார். சொல்லத் தயங்குகிற விஷயம் இருந்தால் அவர் சாப்பாட்டை விசாரிப்பார்.

"இல்ல. என்ன விஷயம்?"

"ஒண்ணும் இல்ல. யோசிச்சுப் பாத்தேன். நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"எதை?"

"ஒட்டுக்கத்தியைத்தான். கூட்டத்துல சொல்லிடறேன். கம்பவுண்டர் கத்தின்னே இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன குறைஞ்சுடப் போகுது?"

பின்னணியில் ஒரு மாடு நீளமாகக் குரல் கொடுத்தது. யாரோ அதை அதட்டினார்கள்.

"உங்க கத்தி பொய்யா?" என்றாள்.

"பொய் இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன். அம்மா முன்னாடி எந்த மூஞ்சியோட உக்காருவேன்? அவங்க வீட்டுக்காரர் பேரை எடுத்தவன்னு."

"ஒரு மாட்டுக்கு நோவுன்னு தெரிஞ்சா, மாட்டுக்காரர் மனசு கஷ்டப்படும்னு இல்லைன்னு சொல்லிடுவீங்களா?"

"மாட்டுக்காரர் பொண்ணை நான் கட்டிக்கப் போறதில்லையே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது. கட்டிக்கொள்வது என்ற வார்த்தையை அவர்கள் இருவரில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் 'ஞாயித்துக்கிழமை', 'அந்த விஷயம்', 'அப்புறம்' என்றுதான் பேச்சு சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்த வார்த்தை ஒரு மாட்டுக் கொட்டகையிலிருந்து, ஒரு வாபஸோடு சேர்ந்து வந்திருக்கிறது.

காலையில் பார்த்ததைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். உதடுவரை வந்தது. "கூட்டத்துல பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

வைத்த பிறகு அந்தச் சின்ன அறையில் நடந்தாள். இரண்டு எட்டு வைத்தால் சுவர். அவளுக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆகி, முடிந்தும் இருந்தது. அந்த மனிதர் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. வீடு மாறலாமா, சரி. அம்மா நம்மோடு இருக்கட்டுமா, சரி. சுவருக்குப் பச்சை அடிக்கலாமா, சரி. எல்லாரும் அவளைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். ஒருநாள் அவர் பெட்டியோடு வாசலில் நின்றபோதுதான், அந்தச் 'சரி'களில் ஒன்றுகூட உள்ளிருந்து வரவில்லை என்பது தெரிந்தது. பச்சைச் சுவர் தனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை என்றார் போகும்போது. மாட்டு டாக்டரை அவளுக்குப் பிடித்துப்போனதே அவர் சங்கத்துக்கு வந்த முதல் நாளிலேயே தலைவரிடம், "இல்லைங்க, அது தப்பு" என்று சிரித்துக்கொண்டே சொன்னதால்தான். இப்போது அவரும் 'சரி'க்கு வந்துவிட்டார். இன்றைக்குக் கத்தி. நாளைக்கு எது?

முன்பக்கத்தில் அம்மாவின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பார்வை சோதிக்கிற பலகைக்கு எதிரே உட்கார்ந்து அம்மா எழுத்துகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு வருவதற்கு, விசேஷத்துக்குப் போவதுபோல உடுத்தியிருந்தாள். மடியில் பெரிய துணிப்பை.

"கடைசி வரி தெரியல" என்றாள் அம்மா.

"யாருக்கும் தெரியாது. வா, போலாம்."

"முகம் ஏன் இப்படி இருக்கு? முதலாளி ஏதும் சொன்னாரா?"

"ரெண்டு லென்ஸைக் கெடுத்தேன்."

"அவ்ளோதானா? உங்கப்பா ஒரு பாட்டில் மருந்தையே மாத்திக் குடுத்திருக்கார். அந்த ஆளு அடுத்த வாரம் வந்து, இதையே தொடர்ந்து குடுங்கன்னு கேட்டார்."

தெருவில் வெயில் சரிந்துகொண்டிருந்தது. நடைபாதையை யாரோ தோண்டிப் போட்டிருந்தார்கள். அம்மா பையை மார்போடு அணைத்தபடி பள்ளங்களைத் தாண்டினாள். கையை நீட்டினால் பிடிக்கமாட்டாள். எப்போதும் முன்னால் நடக்கத்தான் அம்மாவுக்குப் பிடிக்கும்.

"அந்த மாட்டு டாக்டர் ஞாயித்துக்கிழமை வர்றாராமே. எதுக்காம்?"

"சும்மாதான்."

"சும்மா வர்ற வயசா அவருக்கு?" அம்மா திரும்பாமலே சொன்னாள். "வரட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்தப் பேர்ல கை வெச்சுட்டு வரக் கூடாது. அதை மட்டும் சொல்லி வை."

"ஏம்மா, அந்தப் பேர் உனக்கு அவ்வளவு முக்கியமா? அந்தக் கூட்டம்னாலே உனக்கு ஆகாதே."

அம்மா நின்றாள். ஒரு சைக்கிள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

"ஆகாதுதான். ஞாயித்துக்கிழமையானா மனுஷன் கத்தியைத் துடைச்சுக்கிட்டுக் கிளம்பிடுவார். எங்கயாவது போலாமான்னு நான் கேட்டுக்கேட்டு, அப்புறம் கேக்கறதையே விட்டுட்டேன். என் ஞாயித்துக்கிழமை பூரா அந்தப் பேருக்குள்ளதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா எனக்கு என்ன மிஞ்சுது, சொல்லு?"

அம்மா மறுபடி முன்னால் நடந்தாள். தோள்பையில் துணி சுற்றிய கத்தி இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.

சங்கம் ரொட்டிக் கடையின் மாடியில் கூடும். கடைக்காரரும் உறுப்பினர்தான் என்பதால் வாடகை கிடையாது, ஆனால் எல்லாருடைய உடையிலும் வீட்டுக்குப் போகும்வரை ரொட்டி வாசனை இருக்கும். நடுவில் நீளமேசை. தலைவருக்கு 'ஜட்ஜ்' என்று பெயர். நீதிமன்றத்தின் படிகூட ஏறாதவர், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் "ஆக" என்று தொடங்கி முடிப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கத்தியைப் பற்றிப் பேச்சோ அதை மூடியபடி கையில் வைத்திருப்பவர் மட்டும்தான் பேசலாம். பேசி முடிக்கும்வரை திறக்கக் கூடாது. எப்போதோ ஒருமுறை, வார்த்தை தடித்தபோது யாரோ திறந்த கத்தியை ஆட்டிப் பேசி, எதிரில் இருந்தவர் நாற்காலியோடு பின்னால் விழுந்ததிலிருந்து வந்த வழக்கம்.

அம்மாவை ஓரத்தில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காரவைத்தார்கள். ரொட்டிக்காரர் அவளுக்குப் பிஸ்கட் தட்டைக் கொண்டுவந்து கொடுத்து, "கவலைப்படாதீங்கம்மா, கம்பவுண்டர் அண்ணன் பேரை யார் அசைக்கறான்னு பாத்துடலாம்" என்றார். அவள் தோள்பையில் இருந்த கத்தியைத் துணியிலிருந்து எடுத்து நடுமேசையில் வைத்தாள். பக்கத்திலேயே, போன மாதம் சங்கத்தில் விட்டுப்போன மாட்டு டாக்டரின் கத்தி இருந்தது. இரண்டும் மூடியிருக்கும்போது ஒன்று மற்றொன்றின் தம்பி என்று சொல்லலாம்.

மாட்டு டாக்டர் கடைசியாகத்தான் வந்தார். காலணியில் சாணம் காய்ந்திருந்தது. கை கழுவிய ஈரம் சட்டை முனையில் இருந்தது. அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மா பிஸ்கட்டைக் கடித்தபடி தலையை அசைத்தாள்.

ஜட்ஜ் தொண்டையைக் கனைத்ததும் மாட்டு டாக்டர் எழுந்து, தன்னுடையதை விட்டுவிட்டு அப்பாவின் கத்தியை எடுத்துக்கொண்டார்.

"நான் பெருசா ஒண்ணும் சொல்லப் போறதில்லை. அலகு வேறதான். நான்தான் அவசரப்பட்டுட்டேன். என் பேச்சை வாபஸ் வாங்கிக்கறேன்."

சொல்லும்போது அவருடைய கட்டைவிரல் கத்தியின் முதுகில் மேலும் கீழும் ஓடியது. அந்த விரலுக்குத் தெரிகிறது, அவள் நினைத்தாள். கன்றின் வயிற்றைத் தடவியே உள்ளே என்ன என்று சொல்கிற விரல். அதற்கு அந்தப் படி தெரியாமல் இருக்குமா? அவர் அவள் பக்கம் பார்க்கவில்லை.

ரொட்டிக்காரர் மேசையைத் தட்டினார். "அதானே! மாட்டுக்கு ஊசி போடறவர் மரத்துக்கு ஏன் போனாரு?"

சிரிப்பு எழுந்தது. மாட்டு டாக்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பச்சைச் சுவர்கள் நடுவே பார்த்துச் சலித்த சிரிப்பு அது.

"ஆக," என்றார் ஜட்ஜ், "ஒருமனதா..."

"கத்தியை இப்படிக் குடுங்க" என்றாள் அவள்.

மாட்டு டாக்டர் கொடுக்கவில்லை. "வேண்டாம், விடுங்க" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிறாற்போல.

"குடுங்க."

வாங்கினாள். நகக்குழியில் நகத்தை வைத்தாள். குழி முனைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் விரலை வெட்டிக்கொள்ளாமல் திறப்பதே ஒரு வித்தை. திறந்தாள்.

"அம்மாடி, பேசும்போது திறக்கக் கூடாது" என்றார் ஜட்ஜ் பதறி.

"திறக்காமப் பேசினதாலதான் இத்தனை வருஷம் போச்சு." அவள் குரல் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. "எல்லாரும் மூடியே கையில வெச்சுப் பேசினோம். திறந்தா பலகையில மாட்டிக் கண்ணாடிக்கு உள்ள வெச்சோம். யாரும் அடியைப் பாக்கல. இங்க பாருங்க, கல் எட்டாத இடம். அலகு இவ்வளவு அகலம் இருந்திருக்கு. மிச்சமெல்லாம் தேய்ஞ்சு போயிருக்கு. டாக்டரோட கத்தியைத் திறந்து இதுமேல வைங்க."

யாரும் நகராததால் அவளே வைத்தாள். ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தது. அடியில் இருந்த படி மற்ற அலகின் அகலத்துக்கு அளவு பிசகாமல் இருந்தது. ஒல்லி அலகைச் சுற்றி, இல்லாமல்போன இரும்பின் வடிவம் மற்றதில் பளபளத்தது.

"அப்பா போட்ட விதிப்படியே பாத்தாலும் இது தோட்டக்காரர் கத்திதான். ஒட்டுக்கத்தி. டாக்டர் வாபஸ் வாங்கினது செல்லாது. அவருக்கு இது தெரியும். தெரிஞ்சுதான் வாங்கறார்."

மாட்டு டாக்டரின் காதுகள் சிவந்தன. கீழே ரொட்டிக் கடையில் தட்டுகளை அடுக்குகிற சத்தம் மாடிவரை வந்தது. அவள் அம்மா பக்கம் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது. ஒரே பேச்சில் அப்பாவை இறக்கிவிட்டு, வரப்போகிறவரையும் சபையில் பொய்யராக்கிவிட்டாள். இரண்டு லென்ஸையும் ஒரே நாளில் கெடுத்தாயிற்று.

"அதைத் தேய்ச்சது நான்தான்" என்றாள் அம்மா.

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா பிஸ்கட் துகளை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"கல்யாணமான புதுசுல சமையலறையில எனக்கு இருந்த ஒரே கத்தி அதுதான். எங்க வீட்லேர்ந்து கொண்டு வந்தது. பழைய கத்தி, எப்பவும் மொக்கையாவே இருக்கும். தினம் பின்வாசல் படியில வெச்சு ரெண்டு இழுப்பு இழுப்பேன். இவர் கத்திப் பைத்தியம் பிடிச்ச பிறகு ஒருநாள் அலமாரியில பாத்துட்டு, 'அடடா, இது என்ன அபூர்வம்'னு தூக்கிட்டு வந்துட்டார். நான் அன்னிக்கு வேற கத்தி வாங்கினேன்."

"நீங்க சொல்லவே இல்லையேம்மா" என்றார் ஜட்ஜ்.

"யாரு கேட்டா? அவர் என்கிட்ட ஒரு தடவையாவது, இதை வெச்சு நீ என்ன பண்ணினேன்னு கேட்டாரா?"

ரொட்டிக்காரர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "அப்படின்னா அதுக்கு உங்க பேரைத்தான்மா வைக்கணும்."

"வேண்டாம்ப்பா. எனக்கு ஏற்கனவே ஒரு பேர் இருக்கு."

"ஆக," ஜட்ஜ் தயங்கினார், "ஒட்டுக்கத்தின்னு பெருசா எழுதி, கீழ சின்னதா, முன்னாடி கம்பவுண்டர் கத்தின்னு வழங்கினதுன்னு போட்டுடலாமா? ரெண்டு பக்கமும் மனசு..."

"அரைப் பேரெல்லாம் அவருக்கு வேண்டாம். கோபம் வரும்." அம்மா மேசைமேல் கை நீட்டி, ஒல்லி அலகை உள்ளங்கையில் அழுத்தி மூடினாள். அதைத் திறக்கத்தான் வித்தை வேண்டும், அவளுக்கு மூடத் தெரிந்திருந்தது. துணியில் சுற்றவில்லை. அப்படியே துணிப்பைக்குள் போட்டாள். "டாக்டர் கத்தியை வைங்க நடுவுல. நல்லா அகலமா, எல்லாருக்கும் தெரியற மாதிரி இருக்கு. இது சமையலறைக் கத்தி. வீட்டுக்குப் போகட்டும்."

யாராலும் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. கண்காட்சிக்கு முந்தின நாள் நடுமேசையின் கத்தி ஒரு பெண்மணியின் பையில் படியிறங்கிப் போனது.

அவள் பின்னால் ஓடினாள். மாட்டு டாக்டரும் வந்தார். படிக்கட்டு ஒருவருக்கு மேல் இறங்க முடியாத அகலம். அவர் அவளுக்குப் பின்னால் இரண்டு படி விட்டு இறங்கினார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?" என்றார்.

"நீங்க எல்லார் முன்னாடியும் பொய் சொன்னீங்க."

"உங்களுக்காகத்தான்."

"எனக்காக யாரும் அதை இனிமே பண்ண வேண்டாம். சண்டை போடுங்க. நான் பதிலுக்குப் போடறேன்."

அவர் இன்னொரு படி இறங்கினார். பிறகு, "சரி" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டதுபோல, "இல்ல, சரி இல்ல. எனக்குக் கோபம் இருக்கு. ஞாயித்துக்கிழமைவரைக்கும் இருக்கும்" என்றார்.

அவளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்க்கவில்லை. அம்மா அதற்குள் தெருவுக்கு வந்திருந்தாள். வழக்கம்போல முன்னால், வேகமாக. அலுவலகங்கள் விடுகிற நேரம். சாலை முழுக்க வண்டிகள் இடைவெளியில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அம்மா ஓரத்தில் ஒரு காலைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஒரு வண்டி ஒலி எழுப்பிவிட்டுப் போனது.

அவர்கள் இருவரும் பக்கத்தில் வந்து நின்றது அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பவில்லை. எதிர்ப்புறத்தையே பார்த்துக்கொண்டு, பையைத் தோளிலிருந்து இறக்கி, கையைப் பின்னால் நீட்டினாள். யாரை வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள் என்று சொல்லவில்லை. பை அந்தரத்தில் ஆடியது. அதற்குள்ளே அந்தக் கத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. அம்மாவின் பார்வை வண்டிகளுக்கு நடுவே ஒரு இடைவெளியைத் தேடிக்கொண்டிருந்தது. அவளும் அவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள்.